சூட்டு மீட்டர் கண்ணாடி

திருக்கோகர்ணம்,
26-1-1958

அன்புள்ள மாப்பிள்ளை குழந்தைசாமிக்கு,

பொங்கலுக்கு வந்து திரும்பிய அன்று, பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். “அண்ணன் ஏன் மச்சான் எனக்குக் கடுதாசி போடுறதே இல்ல? எம் மேல கோவமா?” அதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். நானும் கையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். பதில் தெரிந்திருந்தால் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடிவந்தாவது சொல்லியிருப்பேன். தெரியவில்லை.

இங்கே நானும் உங்கள் அண்ணன் வீட்டாரும் சுகம். என் தங்கைக்கு இருமல் நின்றதா? சென்னைத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாமென்று செங்கமலத்திடம் சொல்லுங்கள்.

இப்போது ஒரு காரியமாக எழுதுகிறேன். நேற்று உங்கள் அண்ணன் திருப்பதி வந்திருந்தார். கீரனூர் மில்காரர் பம்பாய்க்குப் போகும்போது அவருக்கே கொடுத்துவிட்டுப் போன இரண்டு சீட்டு வண்டி இருக்கிறதே, அதன் டேஷ்போர்டில் உள்ள மீட்டர் கண்ணாடிகள் மஞ்சளடித்து மங்கிவிட்டன, முள் எங்கே நிற்கிறதென்றே தெரியவில்லை என்கிறார். உங்களுக்குத் தெரியாததில்லை: மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிற வண்டி நாயனக்காரர் பின்னால் நடை வேகத்தில் ஊர வேண்டும். ஓடுகிற வண்டிக்குக் காற்று விசிறும். ஊருகிற வண்டிக்கு யார் விசிறுவது? அடுப்பில் பாலை ஏற்றிவிட்டு வாசலில் நின்று பேசுகிற கதைதான், எப்போது பொங்குமென்று சொல்ல முடியாது. என்ஜின் கொதிப்பைக் காட்டுகிற சூட்டு மீட்டரில் ஒரு கண் இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

“தம்பிக்கு நீங்களே ஒரு வரி எழுதுங்களேன்” என்றேன். “எனக்குக் கை ஒழியல வாத்தியாரே. நீங்க எழுதுனா கடைக்காரனுக்கும் வெளங்கும்” என்றார்.

சீமை வண்டிக்கு இங்கே சாமான் ஏது? நீங்கள் மோட்டார் சாமான் கடையிலேயே இருப்பதால் உங்களுக்குச் சிரமம் கொடுக்கிறேன். நான்கு மீட்டருக்கும் பென்சிலால் வட்டம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். அண்ணனுக்குக் கண்ணாடி அவசரமாகத் தேவை. மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஆண்டிச்சாமி


சென்னை,
9-2-1958

மச்சான் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் கடிதமும் வட்டங்களும் கிடைத்தன. இங்கே எல்லாரும் சௌகரியம். இருமல் நின்றுவிட்டது.

கடிதத்தை வீட்டில் உரக்க வாசித்தேன். அடுப்படியில் தாளித்துக்கொண்டிருந்த தங்கள் தங்கைக்குக் கடைசி வரி மட்டும்தான் காதில் விழுந்திருக்கிறது. கரண்டியோடு ஓடிவந்து, “மூத்தாருக்குக் கண்ணாடியா? எந்தக் கண்ணுங்க மங்குது, எடதா வலதா?” என்றாளே பார்க்கலாம். பிள்ளைகள் சிரித்துச் சிரித்து ஓய்ந்தார்கள். “அடியே, மூக்குக் கண்ணாடி இல்லடி, வண்டிக்குக் கண்ணாடி” என்று விளக்குவதற்குள் கடுகு தீய்ந்துவிட்டது. இப்போது வீட்டில் எது காணாமல் போனாலும் “எந்தக் கண்ணு, எடதா வலதா?” என்பதுதான் பேச்சு.

மற்றபடி, அண்ணனுக்குக் கை ஒழியவில்லை என்பதை நான் நம்பவில்லை. அண்ணன் எழுத்து தங்களுக்குத் தெரியும். மில் லாரி ஓட்டிய காலத்தில், பெட்ரோல் போட நிற்கிற நேரத்தில் பானட்டின்மேல் வைத்து எழுதிய கார்டுகள்கூட என்னிடம் இருக்கின்றன. ஒரு எழுத்து கோணியிருக்காது. போன ஆடியோடு அது நின்றுபோயிற்று. வண்டியைக் கொடுத்துவிட்டு எங்களோடு வந்து இருங்கள் என்று பொங்கலன்று சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏற்கெனவே இருந்த கோபம் முற்றியிருக்கும். எதற்கு என்றுதான் தெரியவில்லை.

கண்ணாடிக்கு வெட்டுகிறவரிடம் சொல்லியிருக்கிறேன்.

தங்கள்,
குழந்தைசாமி


திருக்கோகர்ணம்,
20-3-1958

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே வெயில் இப்போதே தொடங்கிவிட்டது. அதைத் தவிர எல்லாரும் சுகம். அங்கேயும் சுகம் என்று நினைக்கிறேன்.

கண்ணாடிகள் உடையாமல் வந்து சேர்ந்தன. ஆனால் ஒன்றும் பொருந்தவில்லை. குற்றம் வெட்டியவருடையதல்ல, வரைந்தவனுடையது. மீட்டரின் பித்தளைப் பூணைச் சுற்றி வெளிப்பக்கமாகப் பென்சிலை ஓட்டியிருக்கிறேன். கண்ணாடியோ பூணுக்கு உள்ளே உட்காருவது. வெளிவட்டம் வேறு, உள்வட்டம் வேறு என்று வேலையில் இருந்தவரைக்கும் கரும்பலகையில் போட்டுக்கொண்டிருந்தவன் நான். உங்கள் மதினி உண்ணாமலை, “பென்சன் குடுத்து அனுப்புனாங்கல்ல, அதோட கணக்கையும் பள்ளிக்கூடத்துலயே விட்டுட்டு வந்துட்டீகளாண்ணே?” என்று கேட்டது.

அண்ணன் ஒரு கண்ணாடியை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினார். “நல்லாத்தான் வெட்டியிருக்காக போல” என்றார்.

இந்த முறை பூணைக் கழற்றி, உள்ளே இருந்த பழைய கண்ணாடியையே காகிதத்தில் வைத்து வரைந்திருக்கிறேன். பென்சில் கோட்டின் உள்விளிம்பைக் கணக்கில் கொள்ளச் சொல்லுங்கள். உங்களுக்கு இரட்டை வேலை. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆண்டிச்சாமி


சென்னை,
2-5-1958

மச்சான் அவர்களுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கடையில் சரக்குக் கணக்கு எடுக்கிற மாதம். இரண்டாவது பிள்ளைக்கு அம்மை போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டோம். இப்போது பயமில்லை.

கண்ணாடிகளை அனுப்பியிருக்கிறேன். பழைய ரப்பர் வளையம் கல்லாகியிருக்கும் என்பதால் புதிதும் வைத்திருக்கிறேன்.

உள்ளே ஒரு கார்டு இருக்கிறது. என் விலாசத்தை நானே எழுதிவிட்டேன். சரியாக இருக்கிறது, அல்லது இல்லை. அண்ணன் ஒரே ஒரு வார்த்தை எழுதிப் போட்டால் போதும். அதற்கும் கை ஒழியாதென்றால் நான் தெரிந்துகொள்கிறேன்.

குழந்தைசாமி


திருக்கோகர்ணம்,
14-5-1958

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பிள்ளைக்கு அம்மை இறங்கியது கேட்டு ஆறுதல். மாரியம்மனுக்கு மாவிளக்குப் போடுவதாக உண்ணாமலை வேண்டியிருக்கிறது. இங்கே சுகம்.

கண்ணாடி மாற்றிவிட்டோம். உங்கள் வேலை வீணாகவில்லை என்று காட்டுவதற்காகக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

பின்பக்கம் அண்ணன் வேலை. டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு மரைகளைக் கழற்றினார். தலையைக் குனியக்கூட இல்லை. ராத்திரியில் தொட்டிலை ஆட்டுகிற தாய் கண்ணைத் திறக்கிறாளா? அந்த மாதிரி, கை தானாகப் போய் வந்தது. சூட்டு மீட்டரிலிருந்து என்ஜினுக்கு ஓடுகிற மெல்லிய செப்புக் குழாய் ஒடிந்தால் மீட்டர் செத்துவிடுமாம். அது மடங்காமல் மீட்டரை முன்னால் தள்ளிக் கொடுத்தார். முன்பக்கம் என் வேலை. பூணைத் திருகி எடுத்து, பழைய கண்ணாடியை நெம்பி, கல்லாகிப்போன ரப்பரைச் சுரண்டி, முள்ளின்மேல் மூச்சுக்கூடப் படாமல் புதிய கண்ணாடியை உட்காரவைத்துப் பூணைத் திருகினேன். உள்வட்டம் சரியாகப் பொருந்தியது. உண்ணாமலை, “இப்பத்தான் நீங்க கணக்கு வாத்தியாரு” என்றது.

அண்ணன் சீட்டில் உட்கார்ந்து பார்த்தார். முகத்தை முன்னால் கொண்டுபோனார், பின்னால் கொண்டுவந்தார். கடைசியில், “இன்னும் பொகை அடிச்ச மாதிரித்தான் இருக்கு வாத்தியாரே. தம்பி மட்டமான சரக்கா அனுப்பிட்டான் போல” என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். கார்டைக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆண்டிச்சாமி


சென்னை,
28-5-1958

மச்சான் அவர்களுக்கு,

சௌகரியம்.

கார்டு வரவில்லை.

மட்டமான சரக்கு என்றாராம். அதே தகட்டில் வெட்டிய துண்டு ஒன்று கடையில் இருந்தது. முதலாளியே விளக்கில் காட்டிப் பார்த்தார். பச்சைத் தண்ணீர்போல் இருக்கிறது. குற்றம் கண்ணாடியில் இல்லை, அனுப்பியவன்மேல்தான் இருக்கிறது. சிறு பிள்ளையாக இருந்தபோது என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சித்தன்னவாசல் மலையேறி ஓவியம் காட்டியவர் அவர். ஒரு வார்த்தைக்குக் கார்டு எழுத முடியாதவரா? நான் என்ன செய்தேன் என்று நீங்களாவது கேட்டுச் சொல்லக் கூடாதா?

குழந்தைசாமி


திருக்கோகர்ணம்,
15-6-1958

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்கள் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நடந்ததை வேறு யாரும் கூட்டிக் குறைத்துச் சொல்லுமுன் நானே எழுதிவிடுகிறேன்.

புதன்கிழமை ஒரு கல்யாணத்துக்கு வண்டி போயிற்று. நானும் ஊர்வலத்தில் நடந்துகொண்டிருந்தேன். மேளக்காரர்கள் கோயில் முனையில் நின்று வாசிக்க, வண்டியும் நின்றே உறுமிக்கொண்டிருந்தது. ரேடியேட்டர் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு ஆவி கிளம்பியது. மாப்பிள்ளை மாலையோடு குதித்து இறங்கிவிட்டார். சனங்கள் சிரித்தார்கள். “மாப்புள்ளைக்கு அவசரம், வண்டியக்கூட நம்பல” என்று எவனோ கத்தினான். அதோடு போயிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

வண்டியை ஓரங்கட்ட அண்ணன் முன்னால் எடுத்தார். ஊர்வலத்துக்கு விளக்குச் சுமக்கிற ராக்காயி, காஸ் லைட்டைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றுகொண்டிருந்தது. மட்கார்டு இடித்ததில் ராக்காயி கீழே விழுந்தது. லைட் உடைந்து அதன் கை முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வெந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மருந்து போட்டுக் கூட்டிவந்திருக்கிறது. உயிருக்குப் பயமில்லை.

கண்ணாடிதான் காரணம், காஸ் லைட் வெளிச்சம் அதில் பட்டுக் கூசுகிறது என்கிறார் அண்ணன். மூன்றாவதாக ஒரு தரம் கண்ணாடி அனுப்ப முடியுமா? அவசரமில்லை. மெதுவாகவே அனுப்பலாம். அதுவரைக்கும் சூட்டு மீட்டரை அண்ணனையே கழற்றித் தரச் சொல்லி என் அலமாரியில் வைத்திருக்கிறேன். அந்த மீட்டர் இல்லாமல் ஊர்வலத்துக்கு வண்டி எடுக்கமாட்டேன் என்பது அவர் கட்டுப்பாடு. உங்களுக்கே தெரியும்.

எனக்கு இரண்டு நாளாகக் கால் வலி. இதற்குமேல் எழுத ஓடவில்லை.

ஆண்டிச்சாமி


சென்னை,
9-7-1958

அன்புள்ள அண்ணனுக்கு,

செங்கமலம் எழுதிக்கொண்டது. இவுகளும் பிள்ளைகளும் நல்லா இருக்கோம். ஒங்க கால் வலி எப்படி இருக்கு? வேப்பெண்ணெய் தேயுங்க.

ஒங்க கடுதாசி வந்த நாளா இவுக பேனாவ எடுக்கல. மூணாவது கண்ணாடியும் கிடையாது, ஆவணியில நம்ம சொந்தத்துல நடக்குற கல்யாணத்துக்கு ஊருக்கு வாரதும் கிடையாதுன்னுட்டாக. “அண்ணன் என்னயப் போட்டு அலைக்கழிக்கிறாரு, அதுக்கு ஒங்கண்ணனும் ஒத்து ஊதுறாரு”ன்னு சொன்னாக. எனக்கு அழுகையா வந்துச்சு.

அண்ணே, நான் ஒண்ணு கேட்டேன், எல்லாரும் சிரிச்சீங்க. தையில கேட்டது. நான் வெளையாட்டுக்குக் கேக்கல. யாரும் இன்னும் பதில் சொல்லல.

எந்தக் கண்ணு?

ஒங்க தங்கச்சி,
செங்கமலம்


திருக்கோகர்ணம்,
24-7-1958

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஒவ்வொரு கடிதத்திலும் முதல் பத்தியில் ‘இங்கே சுகம்’ என்று எழுதிவந்தேன். வழக்கம் அப்படி, கையும் அப்படியே எழுதிவிடுகிறது. இந்த முறை அந்த வரியை எழுதவில்லை.

செங்கமலத்திடம் சொல்லுங்கள்: இடது கண். கருவிழியில் மோர்த்துளி சிந்தினாற்போல் வெள்ளையாகத் தெரிகிறது. வலது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது. புரை என்று கம்பவுண்டர் சொல்கிறார்.

எனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்பீர்கள். புதிய கண்ணாடி போட்ட அன்று, கழற்றிய பழைய கண்ணாடியைத் துணியில் துடைத்துப் பத்திரிகையின்மேல் வைத்தேன். பொடி எழுத்து விளம்பரம்கூட வாசிக்க முடிந்தது. அப்போதே சந்தேகம் தட்டியது. சந்தேகத்தை எழுதி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். ராக்காயியைப் பார்க்கப் போனபோது அது சொன்ன பிறகு சந்தேகத்துக்கும் இடமில்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னது: “அவருமேல எனக்குக் கோவமே இல்லய்யா. அவரு மூஞ்சிக்கு நேரா தலையில லைட்ட வச்சுக்கிட்டு நிக்கிறேன். அவரு என்னயப் பாக்குறாரு, ஆனா என்னயப் பாக்கல.”

அதற்குப் பிறகுதான் மூன்றாவது கண்ணாடி கேட்டு எழுதினேன். வண்டிக்கு அது தேவையில்லை. கண்ணாடி வரட்டும், வரட்டும் என்று சொல்லியே வண்டியை நிறுத்திவைக்கலாம் என்றுதான். மெதுவாக அனுப்புங்கள் என்று எழுதியது அதற்காகத்தான். அண்ணன் தினமும் வந்து, “கண்ணாடி வந்துருச்சா?” என்று கேட்கிறார். “தபால் தாமதம்” என்கிறேன். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போய்விட்டது, மாப்பிள்ளை. ஆடிக்குக் கல்யாணம் இல்லை, தப்பித்தேன். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு அவர் வாக்குக் கொடுத்துவிட்டார். அலமாரிக் கதவை எத்தனை நாள் சாத்திவைப்பேன்?

போன ஞாயிற்றுக்கிழமை அவரிடமே பேசிவிட்டேன். இருவரும் பஸ் ரோட்டோரம் நின்றோம். ஒரு பஸ் வந்தது. பலகையில் ஊர்ப் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

“எந்த ஊர் வண்டி அது?” என்றேன்.

“கீரனூரு வண்டி. கியர் மாத்துறப்ப செருமும்” என்றார். பலகையின் பக்கம் அவர் திரும்பவேயில்லை.

“திருப்பதி, நான் காதைக் கேக்கல.”

பிறகு சொன்னார்: “கண்ணு தெரியலேன்னு சொல்லிட்டா அப்புறம் நான் யாரு வாத்தியாரே? டிரைவர் திருப்பதின்னுதான எனக்குத் தபாலே வருது.”

“தம்பியிடமாவது சொல்லக் கூடாதா?”

“சொல்லித்தான் ஆகணுமா? போன ஆடியில ஒரு கார்டு எழுதுனேன். வரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறிருச்சுன்னு உண்ணாமல சொன்னா. அடுப்புல போட்டுட்டேன். கோணல் எழுத்தப் பாத்தா அவன் அன்னைக்கே ரயிலேறி வந்துருவான். வந்து வண்டிய வித்துட்டுக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருவான். கோவம்னே நெனச்சுக்கிட்டு இருக்கட்டும். எனக்கு அதுவே தேவலாம்.”

பஸ் படியில் நின்று நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். ஆறு மாதம் தாமதம். நீங்கள் அனுப்பிய கார்டு இன்னும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறை சட்டை மாற்றும்போதும் இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு மாற்றிக்கொள்கிறாராம். வேர்வையில் ஊறி விலாசம் பாதி அழிந்துவிட்டது என்று உண்ணாமலை சொன்னது.

எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் புரையை எடுத்துவிட முடியும் என்கிறார்கள். நான் கூப்பிட்டால் வரமாட்டார். “ஒங்களுக்கு எதுக்கு வாத்தியாரே அலைச்சல்” என்பார். நீங்கள் வந்து கூப்பிட வேண்டும். வண்டியை விற்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்காதீர்கள். அது நிற்கட்டும். கட்டு அவிழ்த்த அன்று சூட்டு மீட்டரை அவர் கையில் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

மூன்றாவது கண்ணாடி அனுப்ப வேண்டாம். ஆவணி பிறப்பதற்குள் நீங்கள் வாருங்கள்.

நான் இவ்வளவு எழுதியும் உங்களுக்கு ஒரு ஓரத்தில் சந்தேகம் இருக்கும். கோபத்தை மறைக்க மச்சான் ஒரு கதை கட்டுகிறார் என்று தோன்றும். தவறில்லை. நீங்கள் கோபித்துக்கொண்டிருந்த காலம் கொஞ்சமல்ல. அதனால், முள் தெரியவில்லை, மங்கிவிட்டது என்று அண்ணன் சொன்ன அதே பழைய கண்ணாடியை, பஞ்சு சுற்றி அட்டைக்குள் வைத்துத் தைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கொஞ்சம் மஞ்சளாக இருக்கும், அவ்வளவுதான்.

அதை எடுத்து இந்தக் கடிதத்தின்மேல் வைத்து, முதல் வரியிலிருந்து ஒரு தரம் வாசித்துப் பாருங்கள்.

ஆண்டிச்சாமி